கிராப் சென்சார் கேமராவுக்கு அகலக் கோண பிரைம் லென்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏ.பி.எஸ்-சி அளவு சென்சார் (ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய கிராப் சென்சார்) கொண்ட கேமராவை வைத்திருப்பவர்கள், கேமராவோடு வரும் கிட் லென்ஸைத் தாண்டி ஓர் அகலக் கோண பிரைம் லென்ஸ் (ஜூம் இல்லாத, ஒரே குவியத் தூரம் கொண்ட லென்ஸ்) வாங்க நினைக்கும்போது எழும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்பட்டுள்ளன. விலைகள் அடிக்கடி மாறுவதால் அவற்றைத் தவிர்த்திருக்கிறோம். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் கேமராக்களும் ஒரு வகையில் கிராப் சென்சார் கேமராக்களே என்றாலும், அவற்றின் கணக்கு வேறு என்பதால் இங்கே சேர்க்கவில்லை.

கிராப் சென்சாரில் எத்தனை மி.மீ. முதல் அகலக் கோணம் என்று கொள்ளலாம்?

நிக்கான், சோனி, ஃபியூஜிஃபிலிம், பென்டாக்ஸ் ஆகியவற்றின் ஏ.பி.எஸ்-சி சென்சார் ஏறத்தாழ 23.5 × 15.6 மி.மீ. அளவுடையது. ஃபுல் ஃப்ரேம் (பழைய ஃபிலிம் சட்டத்தின் அளவு) சென்சார் 36 × 24 மி.மீ. இரண்டின் மூலைவிட்டங்களையும் ஒப்பிட்டால் கிடைக்கும் விகிதம்தான் எல்லோரும் சொல்லும் 1.5 என்ற கிராப் மடங்கு; லென்ஸின் மி.மீ. எண்ணை இதனால் பெருக்கினால், அதே கோணம் தரும் ஃபுல் ஃப்ரேம் லென்ஸின் எண் வரும். கேனான் சென்சார் இன்னும் சற்றுச் சிறியது, சுமார் 22.3 × 14.9 மி.மீ.; எனவே அதற்கு 1.6.

லென்ஸின் மேல் எழுதியிருக்கும் குவியத் தூரம் எந்தக் கேமராவில் மாட்டினாலும் மாறுவதில்லை. சென்சார் சிறியதாக இருப்பதால் லென்ஸ் உருவாக்கும் பிம்பத்தின் நடுப்பகுதி மட்டும் பதிவாகிறது, அவ்வளவே. ஃபுல் ஃப்ரேமில் 35 மி.மீ. லென்ஸ் தரும் மூலைவிட்டக் கோணமான சுமார் 63 டிகிரியை ஏ.பி.எஸ்-சி கேமராவில் பெற 23 மி.மீ. லென்ஸ் தேவை; கேனானில் 22 மி.மீ. மிதமான அகலம் இங்கிருந்து தொடங்குகிறது என்று கொள்ளலாம். 18 மி.மீ. லென்ஸ் 76 டிகிரியும், 16 மி.மீ. 83 டிகிரியும், 14 மி.மீ. 90 டிகிரியும், 12 மி.மீ. 99 டிகிரியும் தருகின்றன. ஃபிலிம் காலத்து 50 மி.மீ. லென்ஸின் இடத்தைப் பிடித்திருக்கும் 35 மி.மீ. லென்ஸை, நிக்கானின் புகழ்பெற்ற டி.எக்ஸ். (அதன் கிராப் சென்சார் வரிசை) 35 மி.மீ. எஃப்/1.8 உட்பட, அகலக் கோணம் என்று விற்பவர்களும் உண்டு. அது நல்ல லென்ஸ்தான்; ஆனால் அகலக் கோண லென்ஸ் அல்ல.

இந்த அளவுகளில் அகலம் கூடக்கூட ஒவ்வொரு மி.மீ. வித்தியாசமும் கூடுதல் மதிப்புப் பெறுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். 50 மி.மீ.க்கும் 52 மி.மீ.க்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணால் கண்டுபிடிப்பது கடினம், 12 மி.மீ.க்கும் 14 மி.மீ.க்கும் இடையே ஒன்பது டிகிரி இருக்கிறது.

கிட் லென்ஸிலேயே 18 மி.மீ. இருக்கிறதே, தனியாக ஏன் வாங்க வேண்டும்?

பகல் வெளிச்சத்தில், எஃப்/8 (ஒளி நுழையும் துளையின் அளவு; எண் சிறிதானால் துளை பெரிது) வைத்து, முக்காலியில் நிலக்காட்சி எடுப்பவருக்கு இந்தக் கேள்வி முற்றிலும் நியாயமானது. இன்றைய 18-55 மி.மீ. கிட் லென்ஸ்கள் அந்த வேலையைக் குறைவின்றிச் செய்கின்றன. அதற்காக மட்டும் 18 மி.மீ. பிரைம் வாங்குவது வீண் செலவு.

வேறுபாடு மூன்று இடங்களில் தெரியும். முதலாவது வெளிச்சம்: கிட் லென்ஸ் 18 மி.மீ.யில் பொதுவாக எஃப்/3.5 வரைதான் திறக்கும்; எஃப்/1.4 லென்ஸ் அதைவிட ஆறு மடங்குக்கும் மேல் ஒளியை உள்ளே விடும். ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளி உணர்திறன்; கூடினால் படத்தில் புள்ளிகள் கூடும்) 6400 தேவைப்படும் மண்டபத்தில் ஐ.எஸ்.ஓ. 1000 போதும் என்றால், படத்தில் அதன் பலன் உடனே தெரியும். இரண்டாவது, 18 மி.மீ.யில் தொடங்கும் கிட் லென்ஸால் எட்டவே முடியாத 16, 14, 12 மி.மீ. அகலங்கள். மூன்றாவதை எண்களால் காட்ட முடியாது: ஒரே கோணத்தோடு பல மாதங்கள் பழகியவர், கேமராவைக் கண்ணருகே கொண்டுபோகும் முன்பே படச் சட்டத்துக்குள் எது விழும், எது விழாது என்பதை அறிந்துவிடுகிறார். இந்த மூன்றில் ஒன்றுகூட உங்களுக்குப் பொருந்தாவிட்டால், பணத்தைப் பயணத்துக்குச் செலவிடலாம்.

23, 16, 14, 12: இவற்றில் முதலில் எதை வாங்குவது?

படங்களில் மனிதர்கள் இருப்பார்களா என்பதுதான் இதைத் தீர்மானிக்கும் முதல் கேள்வி.

நேர்கோட்டை நேர்கோடாகவே காட்டும் எந்த அகலக் கோண லென்ஸும், ஓரத்தில் உள்ள உருண்டையான பொருளை இழுத்து நீட்டியே தீரும். தட்டையான சென்சாரின் மேல் விரிந்த காட்சியைப் பரப்புவதால் வரும் வடிவியல் விளைவு இது. லென்ஸின் குறை அல்ல, எவ்வளவு விலை கொடுத்தாலும் போகாது. கிடைவாட்டில் எடுத்த படத்தின் இடது, வலது ஓரத்தில் ஒரு பந்து இருக்கிறது என்று வையுங்கள். 23 மி.மீ. லென்ஸில் அதன் அகலம் உயரத்தைவிடச் சுமார் 12 சதவீதம் கூடுதலாகத் தெரியும். 16 மி.மீ.யில் 24 சதவீதம். 12 மி.மீ.யில் 40 சதவீதம். பந்தின் இடத்தில் திருமணக் குழுப் படத்தின் ஓரத்தில் நிற்கும் சித்தியின் முகத்தை வைத்துப் பாருங்கள். 23-இல் யாரும் கவனிக்கமாட்டார்கள், 16-இல் அவரே கேட்பார், 12-இல் அந்தப் படத்தை யாருக்கும் அனுப்ப முடியாது.

ஆகவே குடும்பம், தெரு, பயணம், விழா என்று மனிதர்களைச் சுற்றிப் படம் எடுப்பவர் 23 மி.மீ.யில் தொடங்குவதே நல்லது. நிலக்காட்சி, கட்டடம், இரவு வானம் ஆகியவற்றில் நாட்டம் உள்ளவர், அவ்வப்போது மனிதர்களையும் (சட்டத்தின் நடுப்பகுதியில் வைத்து) எடுப்பவர் 16 மி.மீ. வாங்கலாம். ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் எங்கள் பரிந்துரை 16. 18 மி.மீ.யில் தொடங்கும் கிட் லென்ஸ் தராத அகலத்தையும் தந்து, அன்றாடப் பயன்பாட்டுக்கும் ஓரளவு வளைந்து கொடுப்பது அது.

14-உம் 12-உம் தேவை தெரிந்து வாங்க வேண்டியவை. அவற்றை வைத்து எடுக்கும் படத்தில், காலடியில் இருந்து ஒரு மீட்டருக்குள் சொல்லத்தக்க பொருள் ஏதாவது இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் கீழே வெறுந்தரை, மேலே வெறும் வானம், நடுவே எறும்பளவில் மலை என்றுதான் வரும்.

உயரமான கோபுரத்தை முழுதாக அடக்க எவ்வளவு அகலம் வேண்டும்?

இதைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். கேமராவை அண்ணாந்து பிடிக்காமல் மட்டமாக, நெடுக்குவாட்டில் பிடித்தால், கண் மட்டத்துக்கு மேலே சட்டத்தில் அடங்கும் உயரம் என்பது நிற்கும் தூரத்தை 11.75-ஆல் பெருக்கிக் குவியத் தூரத்தால் வகுத்தால் வருவது (11.75 என்பது சென்சாரின் நீளத்தில் பாதி). இதில் 12 மி.மீ. லென்ஸுக்கு வகுத்தலும் பெருக்கலும் ஏறக்குறைய ஒன்றையொன்று அடித்துவிடுவதால், நிற்கும் தூரமும் அடங்கும் உயரமும் ஒன்றாகிவிடுகின்றன. நினைவில் வைத்துக்கொள்ள எளிது.

ஸ்ரீரங்கத்தின் ராஜகோபுரம் சுமார் 72 மீட்டர் உயரம். கண் மட்டத்தைக் கழிக்காமல் தோராயமாகப் பார்த்தால், 12 மி.மீ. லென்ஸோடு 72 மீட்டர் தள்ளி நின்றால் போதும், 16 மி.மீ.க்கு ஏறத்தாழ 98 மீட்டர் வேண்டும்; 23 மி.மீ.க்கு 140 மீட்டருக்கும் மேல். அவ்வளவு தூரம் பின்னால் போனால் இடையில் பேருந்தும், கடைப் பலகைகளும், மின்கம்பிகளும் வந்துவிடும். அகலமான லென்ஸின் உண்மையான பயன் இங்கேதான் தெரிகிறது. அது கோபுரத்தைப் பெரிதாக்கிக் காட்டுவதில்லை. இடைஞ்சல்களுக்கு முன்னால் உங்களை நிற்க விடுகிறது.

கட்டடங்கள் பின்பக்கம் சாய்வது போல் வருகிறதே, அது லென்ஸின் கோளாறா?

அல்ல. கேமராவை மேல் நோக்கிச் சாய்த்ததால் வருவது. எந்த லென்ஸிலும் நேரும். அகலக் கோணத்தில் அதிகமாகக் கண்ணில் படுகிறது. மேலே சொன்னபடி கேமராவை மட்டமாகப் பிடித்து, தேவையற்ற கீழ்ப்பகுதித் தரையைப் பின்னர் வெட்டிவிடலாம். 24 மெகாபிக்சல் படத்தில் மூன்றில் ஒரு பங்கை வெட்டினாலும் 16 மெகாபிக்சல் மிஞ்சும். அல்லது மென்பொருளில் நிமிர்த்தலாம். அப்படிச் செய்தால் இரு பக்க ஓரங்களும் பறிபோகும் என்பதால், எடுக்கும்போதே சுற்றிலும் தாராளமாக இடம் விட வேண்டும். அதற்காகவும் ஒரு படி அகலமான லென்ஸ் உதவும்.

டி.எஸ்.எல்.ஆர். கேமராக்களுக்கு அகலக் கோண பிரைம் லென்ஸ்கள் ஏன் இவ்வளவு குறைவு?

கண்ணாடிதான் காரணம். டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் சென்சாருக்கு முன்னால் ஒரு கண்ணாடி மேலும் கீழும் அசைய இடம் வேண்டும். எனவே லென்ஸ் பொருந்தும் வளையம் சென்சாரிலிருந்து தள்ளியே இருக்கும்: நிக்கான் எஃப். மவுண்ட்டில் 46.5 மி.மீ., கேனான் இ.எஃப். மவுண்ட்டில் 44 மி.மீ. குவியத் தூரம் 16 மி.மீ. மட்டுமே உள்ள ஒரு லென்ஸை அவ்வளவு தூரத்தில் நிறுத்திப் பிம்பத்தைச் சென்சாரில் விழச் செய்வது எளிதல்ல. முன்னால் ஒளியை விரிக்கும் பெரிய ஆடித் தொகுதியும் (ஆடி என்பது லென்ஸுக்குள் இருக்கும் ஒவ்வொரு வில்லை), பின்னால் அதைக் குவிக்கும் தொகுதியும் சேர்த்து, டெலிஃபோட்டோ லென்ஸைத் திருப்பி வைத்தாற்போன்ற ஓர் அமைப்பால்தான் இது கைகூடுகிறது. பிரான்சின் ஆஞ்செனியூ நிறுவனம் 1950-இல் வெளியிட்ட 35 மி.மீ. எஃப்/2.5 லென்ஸ் இந்த அமைப்பைப் புகைப்படக்காரர்களிடையே பரவலாக்கியது. அமைப்பு வெற்றிகரமானதே. ஆனால் குவியத் தூரம் குறையக் குறைய ஆடிகள் பெருகும், முன் ஆடி பருக்கும், எடையும் விலையும் ஏறும்.

சென்சார் சிறியதானபோது இந்தச் சிக்கல் இன்னும் கடுமையானது: சென்சார் சுருங்கிய அளவுக்குக் கண்ணாடி இருக்கும் தூரம் சுருங்கவில்லை. அதோடு வணிகக் கணக்கும் சேர்ந்துகொண்டது. அகலம் வேண்டும் என்று கேட்ட கிராப் சென்சார் வாடிக்கையாளருக்கு நிறுவனங்கள் 10-20 போன்ற ஜூம்களைக் கொடுத்துவிட்டு, பிரைம் லென்ஸ்களை ஃபுல் ஃப்ரேம் வரிசைக்கே ஒதுக்கின. கோடுகளை வளைத்துக் காட்டும் மீன்கண் லென்ஸான 10.5 மி.மீ. எஃப்/2.8-ஐ (2003) விட்டுவிட்டுப் பார்த்தால், நிக்கான் தன் டி.எக்ஸ். எஃப். மவுண்ட்டுக்கென்று ஒரு அகலக் கோண பிரைமைக்கூடச் செய்யவில்லை.

மிரர்லெஸ் கேமராவில் கண்ணாடி இல்லை. சோனி இ. மவுண்ட்டில் வளையத்துக்கும் சென்சாருக்கும் இடையே உள்ள தூரம் 18 மி.மீ., ஃபியூஜி எக்ஸ். மவுண்ட்டில் 17.7, நிக்கான் இசட்-இல் 16, கேனான் ஆர்.எஃப்.-இல் 20. ஒளி மிகவும் சாய்வாகச் சென்சாரில் விழக்கூடாது என்பதற்காக இவற்றிலும் மேற்சொன்ன அமைப்பையே ஓரளவு பயன்படுத்துகிறார்கள் என்றாலும், கட்டாயம் தளர்ந்துவிட்டதால் லென்ஸ்கள் சிறுத்துவிட்டன. சோனியின் 11 மி.மீ. எஃப்/1.8 வெறும் 181 கிராம்.

என்னிடம் டி.எஸ்.எல்.ஆர். தான் இருக்கிறது. என்ன செய்வது?

கேனான் வைத்திருப்பவருக்கு இ.எஃப்-எஸ் 24 மி.மீ. எஃப்/2.8 எஸ்.டி.எம். (2014) இருக்கிறது. 125 கிராம் எடை, தட்டையான உருவம், தெளிவான படம். குறை என்னவென்றால் 38 மி.மீ.க்குச் சமமான அதன் கோணம் அகலம் என்ற சொல்லின் விளிம்பில் நிற்கிறது. பென்டாக்ஸ் வைத்திருப்பவர்கள் இந்த விஷயத்தில் கொடுத்து வைத்தவர்கள்: டி.ஏ. 15 மி.மீ. எஃப்/4, டி.ஏ. 21 மி.மீ. எஃப்/3.2 ஆகிய இரண்டு லிமிடெட் லென்ஸ்களும் உலோக உடலோடு, உள்ளங்கையில் அடங்கும் அளவில், கிராப் சென்சாருக்கென்றே செய்யப்பட்டவை. துளை பெரிதாகத் திறக்காது. ஆனால் எதிரே சூரியன் இருந்தாலும் 15 மி.மீ. கலங்காது.

நிக்கானுக்கு, கைமுறை ஃபோகஸ் செய்யும் சாம்யாங் 16 மி.மீ. எஃப்/2, சாம்யாங் 10 மி.மீ. எஃப்/2.8 ஆகியவையும், ஃபுல் ஃப்ரேம் லென்ஸான ஏ.எஃப்-எஸ் 20 மி.மீ. எஃப்/1.8 ஜி-யும் உள்ளன. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய ஏ.எஃப். 20 மி.மீ. எஃப்/2.8 டி வாங்குவோர், டி3000, டி5000 வரிசைக் கேமராக்களில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அவற்றில் அந்த லென்ஸைக் கையால்தான் ஃபோகஸ் செய்ய முடியும். டி7000 வரிசையில் தானாகவே இயங்கும்.

வெளிப்படையாகச் சொன்னால், கேனான், நிக்கான் டி.எஸ்.எல்.ஆர். வைத்திருப்பவர்கள் அகலக் கோண பிரைமைத் தேடி அலைவதைவிட ஜூம் வாங்குவதே புத்திசாலித்தனம். கேனானின் 10-18 மி.மீ. எஸ்.டி.எம். 240 கிராம்தான், நிக்கானின் ஏ.எஃப்-பி டி.எக்ஸ். 10-20 மி.மீ. 230 கிராம் (மிகப் பழைய நிக்கான் உடல்களில் இது இயங்காது, பட்டியலைச் சரிபார்க்கவும்). வெளிச்சம் வேண்டுமென்றால் டோக்கினா 11-16 மி.மீ. எஃப்/2.8. எடை பொருட்டில்லை என்றால் சிக்மா 18-35 மி.மீ. எஃப்/1.8, மூன்று நல்ல பிரைம்களின் வேலையை ஒன்றாகச் செய்யும், 810 கிராம் கனக்கும்.

மிரர்லெஸ் கேமராவில் மவுண்ட் வாரியாக எவை தேர்ந்தெடுக்கத் தக்கவை?

இந்த விஷயத்தில் ஃபியூஜிஃபிலிம்தான் முன்னணியில் இருக்கிறது. ஃபுல் ஃப்ரேம் வரிசை ஒன்று இல்லாததால், அந்நிறுவனம் தன் சிறந்த முயற்சிகளை ஏ.பி.எஸ்-சி லென்ஸ்களிலேயே செலுத்தியது. எக்ஸ்.எஃப். 14 மி.மீ. எஃப்/2.8 (2013) கோடுகளை வளைக்காமல் காட்டுவதில் பெயர் பெற்றது. எக்ஸ்.எஃப். 16 மி.மீ. எஃப்/1.4 (2015) சென்சாரிலிருந்து 15 செ.மீ. தூரம் வரை ஃபோகஸ் செய்யும். ஒரு பூவை முழு அளவில் முன்னால் வைத்து, அது பூத்திருக்கும் தோட்டத்தையும் பின்னால் காட்ட முடிகிற லென்ஸ்கள் அதிகமில்லை. எடை பிடிக்காதவர்களுக்கு 155 கிராம் மட்டுமே உள்ள 16 மி.மீ. எஃப்/2.8 (2019), 180 கிராம் உள்ள 23 மி.மீ. எஃப்/2 (2016) ஆகியவை உண்டு. 18 மி.மீ. எஃப்/1.4, 23 மி.மீ. எஃப்/1.4 ஆகியவற்றின் 2021 பதிப்புகள் 40 மெகாபிக்சல் சென்சாருக்கும் ஈடுகொடுக்கின்றன.

சோனியில் தொடக்க காலத்தில் வந்த 16 மி.மீ. எஃப்/2.8 (2010) தட்டை லென்ஸ் 67 கிராம் எடைக்காக விரும்பப்பட்டாலும் அதன் மூலைகள் மங்கலானவை. இன்று அதை வாங்கக் காரணம் எதுவுமில்லை. 2022-இல் வந்த 11 மி.மீ. எஃப்/1.8-உம் 15 மி.மீ. எஃப்/1.4 ஜி-யும் நிலைமையை மாற்றிவிட்டன. 15 மி.மீ.யின் எடை 219 கிராம், அதாவது சிக்மா 16 மி.மீ. எஃப்/1.4-இன் (405 கிராம்) ஏறத்தாழ பாதி. விலை அதற்கு நேர்மாறு.

அந்த சிக்மா 16 மி.மீ. 2017-இல் வந்தது. இன்று சோனி, ஃபியூஜி, நிக்கான் இசட், கேனான் ஆர்.எஃப். என்று எல்லா முக்கிய மவுண்ட்களிலும் கிடைக்கிறது. கொடுக்கும் பணத்துக்கு இதைவிட அதிகம் தரும் அகலக் கோண பிரைமைச் சொல்வது கடினம். பருமன் மட்டுமே அதன் குறை. அதே நிறுவனத்தின் 23 மி.மீ. எஃப்/1.4-உம் (2023) அப்படியே. இன்னும் அகலம் வேண்டுமென்றால் வில்ட்ராக்ஸ் 13 மி.மீ. எஃப்/1.4 சோனி, ஃபியூஜி, நிக்கான் இசட் மவுண்ட்களில் இருக்கிறது.

நிக்கான் இசட் டி.எக்ஸ். வரிசைக்குச் சொந்தமாக 24 மி.மீ. எஃப்/1.7 (2023) உண்டு. 135 கிராம், எப்போதும் கேமராவிலேயே விட்டுவைக்கலாம். கேனான் ஆர்.எஃப். மவுண்ட்டில் பலரும் வாங்குவது ஃபுல் ஃப்ரேமுக்கான 16 மி.மீ. எஃப்/2.8 (2021). கிராப் சென்சாரில் அது 26 மி.மீ.க்குச் சமமாகி, ஃபுல் ஃப்ரேமில் தெரியும் அதன் மோசமான மூலைகளும் வெட்டுப்பட்டுப் போவதால், ஏழைக்கேற்ற எள்ளுருண்டைதான். பழைய இ.எஃப்-எம் மவுண்ட் கேமரா வைத்திருப்பவர்கள் 22 மி.மீ. எஃப்/2 (2012) கிடைத்தால் விடவேண்டாம். ஆனால் அது ஆர்.எஃப். உடலில் பொருந்தாது என்பதை அறிந்தே வாங்க வேண்டும்.

பிற்காலத்தில் ஃபுல் ஃப்ரேமுக்கு மாறலாம் என்று ஃபுல் ஃப்ரேம் லென்ஸாகவே வாங்கிவிடலாமா?

டெலிஃபோட்டோவுக்கு இந்த யோசனை சரி. அகலக் கோணத்துக்குச் சரிவராது. இன்று 16 மி.மீ. வேண்டியவர் ஃபுல் ஃப்ரேமுக்கு மாறினால் அவருக்கு வேண்டியது 24 மி.மீ.; கையில் இருக்கும் 16 அங்கே அதீத அகலமாகிவிடும். இரண்டு கேமராவுக்கும் பொதுவாக ஒரு லென்ஸை வாங்கி, இரண்டிலும் விரும்பிய கோணம் கிடைக்காமல் போவதற்கு வாய்ப்பு அதிகம். இன்றைக்கு இருக்கும் கேமராவுக்கு வாங்குங்கள்.

எஃப்/1.4 அவசியமா, எஃப்/2.8 போதாதா?

பின்னணியை மங்கலாக்குவதற்காக எஃப்/1.4 வாங்குவோர் ஏமாற்றமடைவார்கள். 16 மி.மீ. லென்ஸில் எஃப்/1.4 வைத்து இரண்டு மீட்டர் தூரத்தில் உள்ள ஒருவரை ஃபோகஸ் செய்தால், சுமார் 1.65 மீட்டர் முதல் 2.5 மீட்டர் வரை எல்லாமே போதிய தெளிவோடு வரும். பின்னணி மெல்லக் குழையும், கரையாது.

வெளிச்சத்துக்காக என்றால் வேறு கதை. எஃப்/2.8-ஐவிட எஃப்/1.4 நான்கு மடங்கு ஒளி தரும். 1/15 நொடி தேவைப்பட்ட இடத்தில் 1/60 போதும். அசையாத தூணுக்கு 1/15 நொடி போதுமானதே. விளக்கேற்றும் கை அசையும். தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ள நினைவுச் சின்னங்களில் முக்காலி வைக்க முன் அனுமதி வேண்டும் என்பதால், கையில் பிடித்தே எடுக்க வேண்டிய கட்டாயமும் நமக்கு அடிக்கடி வருகிறது. உடலிலேயே அதிர்வுத் தடுப்பு உள்ள சோனி ஏ6700, ஃபியூஜி எக்ஸ்-டி5, கேனான் ஆர்7 போன்றவற்றை வைத்திருந்து, அசையாப் பொருள்களையே எடுப்பவருக்கு எஃப்/2.8 தாராளம்.

எஃப்/1.4 லென்ஸ் கிராப் சென்சாரில் எஃப்/2.1 ஆகிவிடும் என்கிறார்களே?

எக்ஸ்போஷருக்கு (படத்தில் பதியும் வெளிச்சத்துக்கு) அது எஃப்/1.4 தான், ஷட்டர் வேகமும் ஐ.எஸ்.ஓ.-வும் மாறாது. ஒரே கோணத்தில், ஒரே இடத்தில் நின்று எடுக்கும் ஃபுல் ஃப்ரேம் படத்தோடு ஃபோகஸ் ஆழத்தை ஒப்பிடும்போது மட்டும் அது எஃப்/2.1-க்குச் சமம். ஒப்பிட உங்களிடம் ஃபுல் ஃப்ரேம் கேமரா இல்லையென்றால் இந்த விவாதத்தால் பயன் ஒன்றும் இல்லை.

கைமுறை ஃபோகஸ் லென்ஸ் வாங்கலாமா?

அகலக் கோணத்தில் தயங்காமல் வாங்கலாம். 16 மி.மீ. லென்ஸில் எஃப்/8 வைத்து, ஃபோகஸை சுமார் 1.6 மீட்டரில் நிறுத்தினால், 80 செ.மீ. முதல் முடிவிலி வரை எல்லாம் தெளிவாக இருக்கும். 12 மி.மீ.யில் ஃபோகஸ் 90 செ.மீ., தெளிவு 45 செ.மீ. முதல். அதன்பின் வளையத்தைத் தொடவே வேண்டியதில்லை. 23 மி.மீ.யில் அந்தத் தூரம் 3.3 மீட்டராகிவிடுவதால் வசதி குறைகிறது; அசையும் குழந்தைகளை எஃப்/1.4-இல் கையால் ஃபோகஸ் செய்வது பொறுமைக்கு வைக்கும் சோதனை. சாம்யாங் 12 மி.மீ. எஃப்/2 (2014), லாவோவா 9 மி.மீ. எஃப்/2.8 ஆகிய இரண்டும் இந்த வகையில் நல்லவை. லாவோவாவில் கோடுகள் ஏறக்குறைய வளைவதே இல்லை.

இத்தகைய பல லென்ஸ்களில் மின் தொடர்பு இருக்காது. லென்ஸ் மாட்டாமலேயே ஷட்டரை இயக்க அனுமதிக்கும் அமைப்பை மெனுவில் தேடி இயக்கிவிட வேண்டும்; இல்லையென்றால் கேமரா படம் எடுக்க மறுக்கும்.

நட்சத்திரங்களை எடுக்க எது உகந்தது?

எஃப்/2 அல்லது அதைவிடப் பெரிய துளை, 11 முதல் 16 மி.மீ. வரை.

500-ஐக் குவியத் தூரத்தாலும் 1.5-ஆலும் வகுத்து வரும் நொடிகள் வரை ஷட்டரைத் திறந்து வைக்கலாம் என்று ஒரு பழைய விதி உண்டு. 16 மி.மீ.க்கு அது சுமார் 20 நொடி தருகிறது. இந்த விதி ஃபிலிம் காலத்துத் தாராளம். 24 மெகாபிக்சல் ஏ.பி.எஸ்-சி சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் சுமார் 3.9 மைக்ரான், 16 மி.மீ. லென்ஸில் அது வானத்தில் ஏறத்தாழ 50 வில்நொடிகளைக் (ஒரு வில்நொடி என்பது டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு) காட்டும். வான நடுக்கோட்டருகே உள்ள நட்சத்திரம் நொடிக்கு 15 வில்நொடி நகர்கிறது. ஆக ஒரு பிக்சலைக் கடக்க அதற்கு மூன்றரை நொடிகூட ஆகாது. 20 நொடியில் ஆறு பிக்சல் நீளக் கோடாகிவிடும். கைபேசியில் பார்க்கப் போதும், சுவரில் மாட்ட 10 நொடிக்குள் நிறுத்துவது நல்லது. நேரம் பாதியானால் ஒளியும் பாதி என்பதால்தான் இங்கே எஃப்/1.4-க்கு உண்மையான மதிப்பு இருக்கிறது.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். முழுத் துளையில் சில லென்ஸ்கள் மூலைகளில் உள்ள நட்சத்திரங்களைச் சிறகு விரித்த பறவை போல் இழுத்துவிடும், கோமா என்பார்கள். பகல் படங்களை வைத்து எழுதும் மதிப்புரைகள் இதைச் சொல்வதில்லை. வாங்கும் முன் அந்த லென்ஸில் எடுத்த இரவு வானப் படத்தின் மூலையை முழு அளவில் பாருங்கள்.

கோட்டு வளைவை மென்பொருள் திருத்துவது ஏமாற்று வேலையா?

பல மிரர்லெஸ் லென்ஸ்கள் கோடுகள் வளைவதை ஆடிகளால் திருத்தாமல் கேமராவின் கணிப்புக்கு விட்டுவிடுகின்றன. ஃபியூஜி 16 மி.மீ. எஃப்/2.8-உம் கேனான் ஆர்.எஃப். 16 மி.மீ.யும் அப்படிப்பட்டவை. அந்தச் சலுகையால்தான் அவை சிறிதாகவும் மலிவாகவும் இருக்கின்றன. மூலைகளில் சற்றுத் தெளிவு குறைவது அதற்கான விலை. படம் சரியாக வந்தால் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. திருத்தும் விவரத்தைப் படிக்காத மென்பொருளில் ரா கோப்பைத் (சென்சார் பதிவு செய்த மூலக் கோப்பை) திறக்கும்போது திடுக்கிட வேண்டாம்.

போலரைசர் ஃபில்டர் போடலாமா?

நீர்ப்பரப்பு, ஈர இலைகள் ஆகியவற்றின் பளபளப்பை நீக்கப் போடலாம். நீல வானத்துக்கு வேண்டாம். சூரியனுக்குச் செங்குத்தான திசையில்தான் வானொளி அதிகம் முனைவாக்கம் (ஒளி அலைகள் ஒரே தளத்தில் அதிர்வது) பெற்றிருக்கும்; ஃபில்டர் தடுப்பது அந்த ஒளியைத்தான். 83 டிகிரி காட்சியில் வானத்தின் ஒரு பட்டை மட்டும் கருநீலமாகி மற்ற பகுதி வெளிறி நிற்கும்.

வீட்டில் இருக்கும் பழைய ஃபிலிம் லென்ஸை அடாப்டர் போட்டுப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம், அகலம் கிடைக்காது. அன்றைய 28 மி.மீ. இன்று 42 மி.மீ.க்குச் சமம், 24 மி.மீ. வேண்டுமானால் 36 ஆகும். குவியத் தூரத்தை 0.71 மடங்காகக் குறைக்கும் ஆடியுள்ள அடாப்டர்கள் மிரர்லெஸ் உடல்களுக்குக் கிடைக்கின்றன. அவற்றோடு 28 மி.மீ. ஏறத்தாழ 30 மி.மீ.க்குச் சமமான கோணம் தரும், ஒரு ஸ்டாப் (அதாவது இரு மடங்கு) ஒளியும் கூடும். ஆனால் நல்ல அடாப்டரின் விலைக்குப் புதிய லென்ஸே வாங்கிவிடலாம்.

ஒருவர் பயன்படுத்திய லென்ஸை வாங்கும்போது எதைச் சோதிக்க வேண்டும்?

அகலக் கோண லென்ஸ்களில் அதிகம் காணப்படும் கோளாறு, கீழே விழுந்ததாலோ உற்பத்தியிலேயோ ஏதாவது ஓர் ஆடி மையம் விலகியிருப்பது. கேமராவை முக்காலியில் வைத்து, பத்து மீட்டருக்கு அப்பால் உள்ள செங்கல் சுவரையோ அடுக்குமாடிக் கட்டடத்தையோ நேர் எதிரே நின்று முழுத் துளையில் எடுத்து, நான்கு மூலைகளையும் முழு அளவில் ஒப்பிடுங்கள். நான்கும் ஒரே அளவு மங்கலாக இருந்தால் அது லென்ஸின் இயல்பு. மூன்று தெளிவாகவும் ஒன்று மட்டும் குழைந்தும் இருந்தால், கேமராவைத் தலைகீழாகத் திருப்பி இன்னொரு படம் எடுங்கள். மங்கல் சட்டத்தின் அதே மூலையிலேயே நின்றால் லென்ஸில் கோளாறு. காட்சியோடு சேர்ந்து எதிர் மூலைக்கு நகர்ந்தால், நீங்கள் சுவருக்கு நேராக நிற்கவில்லை என்று பொருள்.

பிறகு லென்ஸைக் கழற்றி, துளையை முழுதும் திறந்து, பின்பக்கமிருந்து கைபேசி விளக்கை அடித்துச் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை போன்ற மெல்லிய கிளைகள் தெரிந்தால் அது பூஞ்சை. கடலோர ஊர்களில் பல ஆண்டுகள் பையிலேயே கிடந்த லென்ஸ்களில் இது சாதாரணம். தூசு நாலைந்து புள்ளி இருந்தால் படத்தில் தெரியாது, பேரம் பேசப் பயன்படும். பூஞ்சை இருந்தால் பேரமே வேண்டாம்; ஆடியின் பூச்சை அது அரித்திருந்தால் துடைத்த பிறகும் தடம் நிற்கும்.